ஒரு நாள் முந்தி வந்த மனுதாரர்

தள்ளுபடியான வழக்கை மறுபடி கோப்பில் எடுக்கக் கோரும் மனுவில், மனுதாரர் தரப்பு முதல் சாட்சியின் வாக்குமூலம். பெயரும் முகவரியும் மனுவின் முதல் பத்தியில் கண்டபடி. வயது நாற்பத்தொன்பது. தொழில், தினசரிப் பத்திரிகையில் பக்க வடிவமைப்பு. உண்மையைச் சொல்வதாக உறுதி எடுத்துக்கொண்டு சொல்வதாவது:

நான் மேற்படி முகவரியில் என் மனைவியுடன் வசிக்கிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எதிர்மனுதாரர் என் கூடப் பிறந்த அண்ணன். எங்கள் அப்பா கட்டிய வீட்டை நாங்கள் இரண்டாகப் பிரித்துக்கொண்டு, தெருவைப் பார்த்த முன்பாதியில் அண்ணனும் அண்ணியும், பின்பாதியில் நானும் என் மனைவியுமாகப் பன்னிரண்டு வருடமாக இருந்து வருகிறோம். பின்பாதியிலிருந்து தெருவுக்கு வர, அண்ணன் வீட்டுச் சுவரை ஒட்டி முப்பத்திரண்டு அடி நீளமும் நாலரை அடி அகலமும் உள்ள ஒரு நடைபாதை உண்டு. அது இருவருக்கும் பொது என்று பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எழுதியிருக்கிறது. எங்களுக்கு வேறு வழி கிடையாது, பின்னால் அடுத்த கட்டடத்தின் மதில்தான்.

என் மனைவிக்கு ஆறு வருடத்துக்கு முன் முதுகுத்தண்டில் கட்டி எடுத்தார்கள். அதன் பிறகு அவளுக்கு இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. சக்கர நாற்காலியில்தான் இருக்கிறாள். அதற்காக அவள் வீட்டில் முடங்கவில்லை. எதிர்வரிசைத் தையல் கடையில் காலால் மிதிக்கிற மிஷினை மாற்றி, முழங்கையால் அழுத்துகிற மாதிரி ஒன்று பொருத்திக் கொடுத்தார்கள். பேண்ட் ஓரம் மடித்துத் தைப்பது, ஜிப் மாற்றுவது எல்லாம் அவள்தான். தினமும் ஒன்பதரைக்குப் போய் ஐந்து மணிக்குத் திரும்புவாள். யாரையும் தள்ளவிட மாட்டாள். நானே பின்னால் கை வைத்தால், "கையை எடுங்க, நான் என்ன காய்கறி வண்டியா?" என்பாள்.

தட்டச்சு செய்பவர் நிறுத்திச் சொல்லச் சொல்கிறார். நிறுத்திச் சொல்கிறேன்.

நாற்காலி படியில் இறங்காது என்பதால் போன வருடம் நடைபாதையில் சிமெண்டால் ஒரு சரிவு போட்டேன். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும், அது என் தப்பு. எதையும் கேட்டுவிட்டுச் செய்கிற பொறுமை எனக்குப் பிறவியிலேயே இல்லை. அண்ணன் வீட்டோடு மோட்டார் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறார். மழை பெய்தபோது சரிவில் ஓடிய தண்ணீர் நேரே அவர் பட்டறைக்குள் போய், கட்டி முடித்து வைத்திருந்த மூன்று மோட்டார்கள் நனைந்துவிட்டன. அவர் கத்தினார். நானும் கத்தினேன். அதன் பிறகு அண்ணியும் என் மனைவியும் பேசுவது நின்றது. அதன் பிறகு அண்ணன் கொத்தனாரைக் கூட்டிவந்து நடைபாதையின் குறுக்கே, ஓர் ஓரத்தில் இருபது அங்குலம் மட்டும் வழி விட்டு, சுவர் எழுப்ப ஆரம்பித்தார். தண்ணீரைத் தடுக்கத்தான் என்றார். என் மனைவியின் நாற்காலி அகலம் இருபத்தைந்து அங்குலம். அளவெடுக்கிற டேப்பை அவர் முன்னாலேயே வைத்துக் காட்டினேன். "உனக்கு எல்லாத்துக்கும் அவசரம்டா, சரிவு போடுறப்ப டேப்பு எங்க போச்சு?" என்று கேட்டார்.

நான் வழக்குப் போட்டேன். நீதிமன்றம் வேலையை நிறுத்தச் சொல்லி இடைக்காலத் தடை கொடுத்தது. அப்போது ஒரு வரிசைச் செங்கல்தான் வைத்திருந்தார்கள். அதன் மேல் ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டதில் என் மனைவி தாராளமாகப் போய்வந்தாள்.

இனி என் வேலையைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். பத்திரிகை ஆபீசில் இன்று என்பதே கிடையாது. காலை எட்டு மணிக்கு உள்ளே போனதும் என் முதல் வேலை, பக்கத்தின் தலையில் உள்ள தேதியை நாளைய தேதியாக மாற்றுவது. சுவரில் தேதிப் பலகை ஒன்று உண்டு, அதையும் நான்தான் திருப்புவேன். மாத அட்டவணையில் செவ்வாய்க்கிழமைக் கட்டத்துக்குள் புதன்கிழமைப் பத்திரிகையின் தேதிதான் இருக்கும், ஏனென்றால் அந்த வேலை செவ்வாய்க்கிழமை நடக்கிறது. இரங்கல் விளம்பரம் கொடுக்க வருகிறவர் "நாளைக்கு அடக்கம்" என்று அழுதுகொண்டே சொல்வார், நான் "இன்று அடக்கம்" என்று போடுவேன். இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான். ஆபீசில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, "நாளைக்காரர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். வீட்டில் தேதி கிழிப்பதை என் மனைவி என் கையிலிருந்து பிடுங்கி வருடக்கணக்காகிறது.

வழக்கில் நீதிமன்றம் நியமித்த வக்கீல் கமிஷனர் பதினாலாம் தேதி வந்து இடத்தை அளப்பார், மனுதாரர் இருந்து வீட்டைத் திறந்து, சமையலறை மூலையில் உள்ள எல்லைக்கல்லைக் காட்ட வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. இதை என் வக்கீல் போனில் சொன்னபோது நான் ஆபீசில் வேலையாக இருந்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே சுவரிலுள்ள அட்டவணையைப் பார்த்தேன். பதினாலு என்பது செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் இருந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் தேதி சொல்லவில்லை, "செவ்வாய்க்கிழமை கமிஷனர் வர்றார்" என்று கிழமையைத்தான் சொன்னேன். அதனால் அவளுக்கும் தெரிய வழியில்லாமல் போயிற்று.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன். எல்லைக்கல்லைத் தேய்த்துக் கழுவினேன். சமையலறைப் பாத்திரங்களை எல்லாம் கூடத்தில் கொண்டுவந்து அடுக்கினேன். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்தேன். யாரும் வரவில்லை. என்ன மனுஷன் இவர், ஒரு போன் பண்ணக்கூடாதா என்று வாசலில் நின்றே திட்டினேன். மறுநாள் புதன்கிழமை வழக்கம்போல நான் வேலைக்கும் மனைவி கடைக்கும் போய்விட்டோம். அன்று பதினொரு மணிக்குக் கமிஷனர் வந்திருக்கிறார். பூட்டிய கதவின் முன் நாற்பது நிமிடம் நின்றுவிட்டு, மனுதாரர் இல்லை, வீடு பூட்டியிருந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அந்த அறிக்கையைப் பார்த்த வக்கீல், "எங்கய்யா போனீங்க?" என்று கேட்டார். "நான் நாள் முழுக்க வீட்டுலதான் சார் இருந்தேன். அவர்தான் வரல. வந்ததா எழுதிட்டார்" என்றேன். வக்கீல் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் கோபமாகவே சொன்னேன். கமிஷனர் வராமலே வந்ததாகப் பொய் எழுதியிருக்கிறார் என்று ஆட்சேபம் போட்டே ஆக வேண்டும் என்று அடம் பிடித்தேன். அவர் வேண்டாம் என்றும் நான் விடவில்லை. ஆட்சேபத்தைப் படித்த நீதிமன்றம் கமிஷனரைக் கேட்டது. அவர் பதினாலாம் தேதி வந்ததற்குத் தையல் கடைக்காரரே சாட்சி சொன்னார், டேப்போடு நடைபாதைக்குள் போனவர் கமிஷனர் என்று அன்று தனக்குத் தெரியாது என்றார். அதன் பிறகு நீதிமன்றம், மனுதாரர் இருபத்தெட்டாம் தேதி மூலப் பத்திரத்தோடு நேரில் வர வேண்டும், இது கடைசி வாய்ப்பு, தவறினால் வழக்கு தள்ளுபடியாகும் என்று உத்தரவு போட்டது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. எல்லோரும் அண்ணனோடு சேர்ந்துகொண்டார்கள் என்றுதான் நினைத்தேன். அந்தத் தையல் கடைக்காரரிடம் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இருபத்தெட்டு என்று பலகையைத் திருப்பிய காலையில், பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, ஆபீசிலிருந்து நேரே இந்த நீதிமன்றத்துக்கு வந்தேன். உண்மையில் அன்று இருபத்தேழு, செவ்வாய்க்கிழமை. வாசலில் உள்ள பதிவேட்டில் வரிசை எண், பெயர், தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தேதி என்று கேட்ட இடத்தில் இருபத்தெட்டு என்று எழுதினேன். மேலே எழுதியவரைப் பார்த்து எழுதியிருந்தால் பிழைத்திருப்பேன், நான் பார்க்கவில்லை. பத்தரைக்கு உள்ளே போய் அழைப்புக்குக் காத்திருந்தேன். உட்காரவில்லை, நின்றுகொண்டுதான் இருந்தேன். பன்னிரண்டு மணி வரை என் வழக்கைக் கூப்பிடவில்லை என்று மேசைக்குமாஸ்தாவிடம் கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தாமல், "உங்க வழக்கு இன்னைக்குப் பட்டியல்ல இல்ல" என்றார்.

"தள்ளி வச்சிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"பட்டியல்ல இல்லன்னா இல்லதான். ஓரமா நில்லுங்க, வழி விடுங்க" என்றார்.

நான் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன். வக்கீல் வேறு ஊர் நீதிமன்றத்தில் இருந்ததால் அவர் போன் அணைந்திருந்தது. அவர் ஆபீசில், நான் வந்தேன், வழக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்று தகவல் சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினேன். மேசைக்குமாஸ்தா மேல் எனக்குக் குறை இல்லை. அவர் சொன்னது சரிதான்.

மறுநாள் புதன்கிழமை பதினொன்றே முக்காலுக்கு வழக்கை மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். என் வக்கீல் எனக்குப் பதினோரு தடவை போன் செய்திருக்கிறார். பக்கம் முடிகிற வரை எங்கள் பிரிவில் போனை இழுப்பறையில் வைத்துவிடுவது வழக்கம். கட்சிக்காரர் எங்கே என்று தெரியவில்லை, அவகாசம் வேண்டும் என்று வக்கீல் கேட்டும், கடைசி வாய்ப்பும் முடிந்தது என்று வழக்கு தள்ளுபடியாயிற்று. வழக்கு போனதோடு தடையும் போயிற்று.

அன்று வேலை முடிந்து நான் வீடு சேர்ந்தபோது ஐந்தரை இருக்கும். நடைபாதையில் என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் இடுப்பு உயரத்துக்குச் சுவர் நின்றது. காலையில் பலகையில் ஏறி வேலைக்குப் போனவள், திரும்பி வரும்போது அவளுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே சுவர். கலவை இன்னும் ஈரமாக இருந்தது. எவ்வளவு நேரமாக இங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். "அரை மணி நேரம் இருக்கும். பாத்ரூம் போகணும்" என்றாள். இருபது அங்குல வழியில் ஆளைத் தூக்கிக்கொண்டு நுழைய முடியாது. அவளைத் தூக்கிச் சுவர் மேல் உட்காரவைத்து, அவள் என் கழுத்தைக் கட்டிக்கொள்ள, நானும் ஏறி மறுபக்கம் குதித்து இறக்கினேன். அவள் உடையிலும் என் சட்டையிலும் சிமெண்ட் அப்பிக்கொண்டது. இரண்டு தடவை பிடி நழுவப் பார்த்தது. எனக்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில் ஈரமாக இருந்த மேல் வரிசையிலிருந்து ஒரு செங்கல்லைப் பிடுங்கி எறிந்தேன். அண்ணன் மறுநாள் அதை எடுத்து வைத்துப் பூசிவிட்டார்.

அன்று உள்ளே போனவள்தான். அதன் பிறகு இன்றுவரை நாற்பத்தொரு நாள் அவள் வெளியே வரவில்லை. தூக்கிப் போகிறேன் என்றால் மறுத்துவிட்டாள். தையல் கடைக்காரர் துணிகளை வீட்டுக்கே அனுப்புவதாகச் சொன்னார், அதையும் வேண்டாம் என்றாள். "அங்க நாலு பேர் வம்பு பேசுறதைக் கேட்டுக்கிட்டே தைக்கிறதுதாங்க வேலை. இங்க உங்க மூஞ்சியைப் பார்த்துக்கிட்டுத் தைக்கவா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். முதல் வாரம் தலை வாரிப் பின்னி, ஒன்பதரைக்கு வாசல் வரை வந்து உட்கார்ந்திருந்தாள். பிறகு வாசலுக்கு வருவதில்லை. இப்போது கூப்பிட்டால்தான் சாப்பிட வருகிறாள். நான் வேலைக்கு நடுவே வீட்டுக்கு ஓடி ஓடி வருகிறேன். எந்த வேலையும் ஓடவில்லை. பக்கத்தில் தப்பு விழுகிறது.

என்ன நடந்தது என்று கண்டுபிடித்தது அவள்தான். வழக்கு தள்ளுபடியான ஐந்தாம் நாள், தள்ளிவைத்த வழக்கை எப்படித் தள்ளுபடி செய்யலாம் என்று நான் கத்திக்கொண்டிருந்தபோது, "கொஞ்சம் உட்காருங்க. நீங்க கோர்ட்டுக்குப் போனது செவ்வாயா புதனா?" என்று கேட்டாள். செவ்வாய் என்றேன். அவள் தேதித்தாளைப் பார்த்தாள். "அட பாவி மனுஷா" என்று சொல்லிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் இந்த மனுவைப் போட்டோம். வாசல் பதிவேட்டின் நகல் தாக்கல் செய்யப்பட்டிருக்கிறது.

எதிர்மனுதாரர் வக்கீலின் குறுக்கு விசாரணையில் நான் சொல்வதாவது: நான் வேண்டுமென்றே உத்தரவுகளை மீறினேன் என்று சொன்னால் சரியல்ல. எல்லைக்கல் இடம் மாறியிருந்ததால் கமிஷனரைத் தவிர்த்தேன் என்று சொன்னாலும் சரியல்ல, கல் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் இன்றே வந்து பார்க்கலாம். கூண்டின் கட்டையைத் தட்டுவதை நிறுத்தும்படி சொல்லப்பட்டது, நிறுத்திவிட்டேன். பதிவேட்டில் இருபத்தெட்டு என்று எழுதியிருப்பதால் அது பிறகு செருகப்பட்டது என்று சொன்னால் சரியல்ல. எனக்கு மேலே எழுதியவர் இருபத்தேழு என்றும் கீழே எழுதியவர் இருபத்தேழு என்றும் எழுதியிருக்கிறார்கள், வரிசை எண் விடாமல் போகிறது. இரண்டு வரிக்கு நடுவே செருகுகிற அளவுக்கு என் கையெழுத்து ஒல்லியானது அல்ல. பொய்யாக எழுதுகிறவன் சரியான தேதியை எழுதியிருப்பானே, ஊரெல்லாம் இருபத்தேழு எழுதிய பக்கத்தில் இருபத்தெட்டு எழுதுவானா என்று நானும் திருப்பிக் கேட்டேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னார்கள். சரி என்றேன்.

கல்யாணம் காட்சிக்கும் ஒரு நாள் முன்னால்தான் போவீர்களா என்று வக்கீல் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். போயிருக்கிறேன் என்று சொன்னேன். நாலு வருடத்துக்கு முன் என் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு, புதுச்சட்டை போட்டுக்கொண்டு முந்தின நாள் காலையிலேயே மண்டபத்துக்குப் போய்விட்டேன். அங்கே நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணன்தான் என்னைப் பார்த்து, "வந்தது வந்துட்ட, அந்த நாற்காலியை எல்லாம் வரிசையாப் போடு" என்றார். அன்று நாங்கள் இருவரும் சேர்ந்து முந்நூறு நாற்காலி போட்டோம். அவர் இதோ இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், கேட்டுப் பாருங்கள் என்றேன். அண்ணன் தலை குனிந்துகொண்டார். வக்கீல் அவரைப் போய் ஏதோ கேட்டுவிட்டு வந்து, வேறு கேள்வி இல்லை என்றார்.

நானாகச் சொல்வது: கமிஷனர் பொய் எழுதினார் என்று நான் போட்ட ஆட்சேபம் தப்பு. அவரிடமும் தையல் கடைக்காரரிடமும் இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்கிறேன். சரிவை உடைத்து, தண்ணீர் பட்டறைப் பக்கம் போகாமல் வாய்க்கால் வைத்துப் போட்டுத்தரச் சம்மதிக்கிறேன். வழக்குச் செலவு எவ்வளவு விதித்தாலும் கட்டுகிறேன். தப்பு முழுக்க என்னுடையது. நான் தப்பு செய்ததற்கு அவள் உள்ளே இருக்கிறாள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மனைவியைத் தூக்கி வெளியே கொண்டுவரலாமே, இன்று எப்படி வந்தார் என்று நீதிமன்றம் கேட்டதற்குச் சொல்வதாவது: என் மனைவி இப்போது இந்த அறைக்கு வெளியே நடைக்கூடத்தில் இருக்கிறாள். இந்த ஒரு நாள் மட்டும் தூக்கிவிடச் சம்மதித்தாள். இன்று காலை எட்டரைக்கு நாற்காலியை மடித்து, இருபது அங்குல வழியில் பக்கவாட்டாகத் தள்ளி மறுபக்கம் நிறுத்திவிட்டு, அவளைத் தூக்கிச் சுவர் மேல் உட்காரவைத்தேன். சுவரின் அந்தப் பக்கம் அண்ணன் வாளியும் கையுமாகச் செங்கல்லுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். செங்கல்லை நனைத்தால் சுவரை உயர்த்துகிற வேலை அன்றைக்கே என்று அர்த்தம். கொத்தனார் சாயங்காலம் வருவதாகப் பேச்சு. போன தடவை மாதிரி நான் ஏறிக் குதிக்கலாம் என்றால், அவளால் என் கழுத்தைக் கட்டிப் பிடிக்க முடியவில்லை, கையில் வலு இல்லை. கையை விட்டுவிட்டு நான் அந்த இருபது அங்குல வழியாகச் சுற்றிப் போனால் சாய்ந்துவிடுவாள். அதனால் அவளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். நான் அண்ணனைக் கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை. பிறகு அண்ணன் வாளியைக் கீழே வைத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து இரண்டு கையையும் நீட்டினார். நான் கொடுத்தேன், அவர் வாங்கினார். வாங்கியவர் நாற்காலியில் இறக்காமல் அப்படியே நின்றார்.

"என்னம்மா, ஒண்ணுமே கனக்கலியே" என்று கேட்டார்.

"உள்ளயேதான இருக்கேன், மாமா" என்று என் மனைவி சொன்னாள்.

அவர் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு காலையும் ஒவ்வொன்றாக எடுத்து மிதிகட்டையில் வைத்தார். நான் திரும்பிப் பார்த்தபோது செங்கல் எல்லாம் நனைந்துதான் இருந்தது. மணி இப்போது பன்னிரண்டரை ஆகிறது. இன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். வழக்கை மறுபடி கோப்பில் எடுக்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.

மேலே சொன்னவை நான் செய்ததும் கண்டதும்தான். வாசித்துக் காட்டக் கேட்டேன், திருத்த எதுவும் இல்லை, உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

மனுதாரர் கையொப்பம்

திறந்த நீதிமன்றத்தில் என் முன் பதிவானது.